பழைய காரின் சீட்டில் தோல் எது, ரெக்சின் எது?

‘லெதர் சீட்’ என்று சொல்லி விற்கப்படும் பழைய கார்கள் பலவற்றில் முழுக்கத் தோல் இருப்பதில்லை. விற்பவர் ஏமாற்றுகிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்திருக்கும்: உடம்பு படும் இடத்தில் தோல், படாத இடத்தில் ரெக்சின். உட்காரும் பகுதியும் முதுகு சாயும் நடுப்பகுதியும் தோலாக இருக்கும். சீட்டின் பக்கவாட்டு, முன்சீட்டின் பின்முதுகு, ஹெட்ரெஸ்டின் பின்பக்கம், டோர் பேட், தையலோரம் ஓடும் பைப்பிங் எல்லாம் வினைல் ரெக்சின். பழைய ஜாகுவார்கள் பலவற்றில் கானலி என்ற நிறுவனத்தின் தோலும் ஆம்ப்ளா என்ற வினைலும் இப்படிக் கலந்தே இருக்கும். மெர்சிடிஸின் எம்பி-டெக்ஸ் கதை வேறு. அது முழுக்க வினைல். ஆனால் நாற்பது வருடம் கழித்தும் கிழியாமல் கிடப்பதால் தோல் என்றே பலரும் நம்பிவிடுகிறார்கள். ‘எவ்வளவு நல்ல தோல், ஒரு வெடிப்புகூட இல்லை’ என்று யாராவது வியந்தால் முதலில் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

ஆகவே கார் முழுவதற்கும் ஒரே பதிலைத் தேடாமல், துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும்.

மேல்பக்கம் சாட்சி சொல்லாது

முகர்ந்து பார், தண்ணீர் சொட்டிப் பார், விரலால் அழுத்திப் பார் என்று மூன்று வழிகளைச் சொல்வார்கள். கார் சீட்டில் மூன்றுமே பாதி நேரம் தவறான பதிலைத் தரும்.

காரில் போடும் தோலின் மேல் நிறப்பூச்சும் அதன்மேல் பாதுகாப்புப் பூச்சும் இருக்கும். பழைய கார்களில் இது பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். பின்னாளில் பாலியூரித்தேன் வந்தது. கைபடுவது அந்தப் பூச்சில்தான், தோலில் அல்ல. அதனால்தான் நல்ல தோலின்மேல் விட்ட தண்ணீரும் உறிஞ்சப்படாமல் முத்தாக நிற்கும். பூச்சு தேய்ந்த இடத்தில் விட்டால் மட்டுமே ஊறும். அங்கே கறையும் நிற்கும். இந்தச் சோதனையை மேல்பக்கம் செய்யாதீர்கள்.

மேலே தெரியும் மயிர்க்கால் கோலத்தையும் நம்ப முடியாது. தழும்பு உள்ள தோலின் மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு, சூடான தகட்டால் அழுத்திப் புதிய கோலம் பதிப்பது வெகுகாலமாக உள்ள வழக்கம். ரெக்சினிலும் அதே கோலத்தை உருளையால் பதிக்கிறார்கள். இரண்டும் ஒரே மாதிரி தெரிவதில் ஆச்சரியமில்லை. ஒழுங்கில்லாத சுருக்கக் கோடுகள், ஆறிப்போன கீறல், பூச்சிக்கடித் தழும்பு, நரம்புத் தடம் ஏதாவது கண்ணில் பட்டால் அது தோல் என்பதற்கு நல்ல அடையாளம். படவில்லை என்றால் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அழுத்தினால் தோலில் விரலைச் சுற்றி நுண்சுருக்கம் விரியும் என்பது உண்மைதான். ஆனால் இறுக்கி இழுத்துத் தைத்த சீட்டில் அது தெரியாது. மெல்லிய ஃபோம் அடுக்கு உள்ள ரெக்சினிலோ அதுவும் சுருங்கும். மணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தோல் மணம் தரும் ஸ்ப்ரே தாராளமாகக் கிடைக்கிறது.

விளிம்பும் அடிப்பக்கமும்

முன்சீட்டை முழுக்க முன்னால் தள்ளிவிட்டு, பின்சீட்டில் உட்கார்ந்து டார்ச் அடித்துச் சீட்டின் அடியைப் பாருங்கள். உறையின் ஓரம் கம்பி வளையத்தாலோ கொக்கியாலோ சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கும். வெட்டிய விளிம்பு அங்கே கிடைக்கும். ஹெட்ரெஸ்டின் அடியில் ஜிப் இருந்தால் அதைத் திறந்து உள்பக்கத்தைப் பார்க்கலாம். பின்சீட்டு மெத்தை பல கார்களில் இரண்டு கிளிப் அல்லது இரண்டு போல்ட்டில்தான் நிற்கிறது. தூக்கினால் உறையின் மறுபக்கம் முழுவதும் தெரியும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார் என்றால் அடியில் இருக்கும் மஞ்சள் நிறக் கனெக்டரைத் தொடக் கூடாது. அதைக் கழற்றாமல் பார்க்க முடிந்தவரை பார்த்தால் போதும்.

தோலின் வெட்டு விளிம்பில் அடுக்கு தெரியாது. மேலே மெல்லிய நிறக்கோடு, அதற்குக் கீழே முழுக்க ஒரே நார்ப்பிண்டம். கனம் பொதுவாக 1 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். ஊசியால் நெருடினால் பிசிறு எழும். குரோமில் பதனிட்டது என்றால் உள்ளே சாம்பல் கலந்த நீலமாகவும், மரப்பட்டையில் பதனிட்டது என்றால் பழுப்பாகவும் இருக்கும். முழுக்கச் சாயம் ஊறியிருந்தால் மேல்நிறமே உள்ளேயும் தெரியலாம். ரெக்சினில் மேலே வழவழப்பான பிளாஸ்டிக் படலம், சிலவற்றில் நடுவே ஃபோம், அடியில் நெய்த அல்லது பின்னிய துணி என்று அடுக்குகளை எண்ணிவிடலாம்.

இங்கேயும் மூன்று பொறிகள் உண்டு. தோலுக்கு அடியில் மெல்லிய ஃபோமும் வலைத்துணியும் ஒட்டித் தைத்திருப்பார்கள். அடியில் துணி தெரிந்ததும் ரெக்சின் என்று முடிவுகட்டாமல், ஃபோமை ஓரத்தில் விலக்கி மேல் அடுக்கின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, தோலைக் கனவாட்டில் இரண்டாகப் பிளந்து, கீழ்ப்பாதியை எடுத்து அதன்மேல் கனமான பாலியூரித்தேன் படலம் ஒட்டிய சரக்கு. மறுபக்கம் நார்நாராக, தோலாகவே இருக்கும். மேல்படலமோ சில வருடங்களில் தாள்தாளாக உரியும். பூச்சின் கனம் 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை வெறுமனே தோல் என்று சொல்லக் கூடாது என்பது ஐரோப்பியத் தரவரையறை. மூன்றாவது, தோல் தூளைப் பிசினில் குழைத்துத் துணியில் படியவைத்த பலகைத் தோல். தொழிற்சாலைச் சீட்டில் இது அபூர்வம், பிறகு மாற்றிய உறைகளில் வரும்.

மாற்றிய உறை என்றதும் இன்னொன்று. பழைய தோலைக் கழற்றாமல் அதன்மேலேயே ரெக்சின் தைத்துவிடும் வழக்கம் உண்டு. மேலே ரெக்சின் என்று தெரிந்தாலும் அடியில் ஒருமுறை பாருங்கள்.

கழற்ற முடியாதபோது

கார் அடுத்தவருடையது, எதையும் தூக்கிப் பார்க்க முடியாது என்றால் மடிப்பு வரிகளைக் கவனியுங்கள். ரெக்சினை உயர் அதிர்வெண் மின்சாரத்தால் உருக்கி ஒட்ட முடியும், தோலை முடியாது. வரிப்பள்ளத்தில் நூல் இல்லாமல் உருக்கி அழுத்திய தடம் மட்டும் இருந்தால், அல்லது ‘தையல்’ நூலாக இல்லாமல் அச்சில் வார்த்த மேடாக இருந்தால், அது தோலே அல்ல. கழற்றாமல் கிடைக்கும் உறுதியான சான்று இதுதான்.

துளையிட்ட சீட்டில் பத்து மடங்கு லென்ஸ் வைத்துத் துளையின் சுவரைப் பார்க்கலாம். தோலில் மயிரிழை போன்ற நார் நீட்டிக்கொண்டிருக்கும். ரெக்சினில் விளிம்பு கூர்மையாக இருக்கும், கீழே நூல் தெரியும்.

வெடிப்பு இருந்தால் இன்னும் சுலபம். தோலின் பூச்சு முதலில் வலைவலையாக நுண்ணிய கீறல் விடும், பிறகு பள்ளத்தில் நார் தெரியும். ரெக்சினை மென்மையாக வைத்திருக்கும் இளக்கி எண்ணெய் வெயிலில் ஆவியாகிப்போவதால் அது விறைத்து, மடிப்பிலோ தையலோரத்திலோ நேர்கோடாகப் பிளந்து துணியைக் காட்டும். கண்ணாடியின் உள்பக்கம் படியும் பிசுபிசுப்பான மங்கலுக்கும் அந்த எண்ணெய் ஒரு காரணம்.

பழைய மெர்சிடிஸ் என்றால் டேட்டா கார்டில் (அந்தக் காரின் விவரங்கள் அச்சிட்ட அட்டை) உள்ள மூன்று இலக்க உட்புறக் குறியீடு உதவும்: 1-இல் தொடங்கினால் எம்பி-டெக்ஸ், 2-இல் தொடங்கினால் தோல். இடையில் உறை மாற்றியிருந்தால் இது செல்லாது.

நெருப்புச் சோதனையைச் சீட்டில் செய்யவே கூடாது. அடியில் தையல் ஓரத்திலிருந்து நகக்கண் அளவு சீவல் எடுக்க முடிந்தால், அதைத் திறந்த வெளியில் இடுக்கியில் பிடித்துச் சுடலாம். தோல் உருகாமல் கருகும், முடி பொசுங்கும் நாற்றம் வரும். வினைல் உருகிக் கரும்புகை விடும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருப்பதால் முகத்தைத் தள்ளி வைக்க வேண்டும். தின்னரும் அசிட்டோனும் தொட்டுத் தேய்ப்பது எந்தப் பக்கமும் வேண்டாம். தோலின் பூச்சு கரைந்துவிடும், ரெக்சினும் கெடும்.

தவறாகக் கணித்தால்

பெரிய சேதம் பழுதுபார்ப்பில்தான் நடக்கிறது. ரெக்சின் கிழிசலை அடைக்கும் வினைல் பசை சுமார் 150 டிகிரி செல்சியஸில் இறுகும். அதே பசையைத் தோலில் தடவி ஹீட் கன் பிடித்தால் சுற்றியிருக்கும் தோல் சுருங்கிக் கட்டையாகிவிடும். மரப்பட்டையில் பதனிட்ட பழைய தோல் ஈரமாக இருந்தால் 70 முதல் 85 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கும், திரும்பவும் நீளாது. தோலுக்குக் கிழிசலின் அடியில் துணி ஒட்டு வைத்து, சூடில்லாமல் காயும் நெகிழ்வான ஃபில்லர்தான் சரி.

சுத்தம் செய்வதிலும் வேறுபாடு உண்டு. தோல் அமிலத்தன்மை உள்ளது. காரமான சோப்பு அதைக் காலப்போக்கில் வறட்டும். ரெக்சினுக்கு மிதமான சோப்புத் தண்ணீரும் ஈரத்துணியும் போதும். அதன்மேல் தடவும் லெதர் கண்டிஷனர் உள்ளே போகாது, தூசியைப் பிடித்துவைக்கும். பூச்சு நல்ல நிலையில் உள்ள தோலிலும் கண்டிஷனர் பெரிதாக உள்ளே இறங்காது, எனவே அடிக்கடி குளிப்பாட்ட வேண்டியதில்லை.

உறை மாற்றக் கொடுக்கும்போது எந்தெந்தத் துண்டு தோல் என்று சீட்டின் படம் வரைந்து குறித்துக் கொடுங்கள். பழைய துண்டுகளை வேலை முடிந்ததும் திருப்பித் தரச் சொல்லுங்கள். கனம், நிறம், கோலம் மூன்றையும் ஒப்பிட வேறு வழி கிடையாது.