இருமினால் நனையும் புடவை

கடலூர் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்களும், பண்ருட்டிப் பக்கத்தில் நாள் முழுவதும் குந்தியிருந்து முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களும் என்னிடம் வரும்போது, இடுப்புவலி என்றோ அசதி என்றோதான் பேச்சைத் தொடங்குவார்கள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த பிறகுதான், குரலைத் தாழ்த்தி, "இருமினா புடவை நனைஞ்சிடுதும்மா" என்பார்கள். வந்ததே அதற்காகத்தான்.

பிரசவங்கள், பாரம் தூக்குதல், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் மாற்றங்கள் ஆகியவற்றால் சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தளர்வதே இந்தச் சிறுநீர்க் கசிவுக்கு முக்கியக் காரணம். கசிவுக்குப் பயந்தும், வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இல்லாததாலும் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். அதனால் சிறுநீர் அடர்ந்து, எரிச்சல் கூடுகிறதே தவிரக் கசிவு நிற்பதில்லை. பெண்களின் சிறுநீர்க் குழாய் ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே உள்ளதால் கிருமி எளிதில் மேலேறும். சிறுநீரை அடக்கி வைக்கும் வழக்கமும் சேர்ந்தால் நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வரும்.

மகளிர் குழுக் கூட்டம் ஒன்றில், சேமிப்புக் கணக்கு முடிந்ததும் இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் படம் காட்டி விளக்கியபோது எல்லாரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்த மீன்காரம்மா ஒருவர், "எனக்குப் பஸ் ஏறுனாலே போயிடும், அதான் சொந்தக்காரங்க கல்யாணத்துக்குக்கூடப் போறதில்ல" என்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்களில் ஒருத்தி, "யக்கா, உனக்குமா?" என்று கேட்டதும் அறையே பேசத் தொடங்கியது. என் விளக்கப்படம் செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் பேச்சோடு மாத்திரையும் கைமாறுகிறது. ஒருத்திக்குக் குணம் தந்த ஆன்டிபயாடிக் அட்டையில் மிஞ்சிய நான்கை இன்னொருத்தி வாங்கி விழுங்குவதால் கிருமி முழுதாக அழியாமல் மருந்துக்கு அடங்காததாக மாறலாம். "புள்ள பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்" என்ற ஆறுதலும் என் பார்வையில் அதே அளவு கெடுதல். பலருக்கு இருப்பது உண்மைதான், அதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கசிவுக்கு முதல் சிகிச்சை உடற்பயிற்சிதான். வாயுவை அடக்குவதுபோல ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் உள்ளிழுத்துச் சில விநாடிகள் பிடித்து, பிறகு தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு 8 முறையாவது, நாளுக்கு 3 தடவை என 3 மாதங்களாவது செய்தால்தான் பலன் தெரியும். மூச்சை அடக்கவோ வயிற்றையும் தொடையையும் இறுக்கவோ கூடாது. சிறுநீர் கழிக்கும்போதே இடையில் நிறுத்தி நிறுத்திப் பழகுவதும் வேண்டாம். மீன் கூடையோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்திலும் இதைச் செய்யலாம், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

நீர்க்கடுப்பு அடிக்கடி வந்தால் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அவர்களும் பெண்கள்தாம், கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

குளிர் காய்ச்சலோடு விலாவுக்குக் கீழே முதுகுவலி, சிறுநீரில் ரத்தம், கர்ப்ப காலத்தில் நீர்க்கடுப்பு, மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டானாலும் ரத்தப்போக்கு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மருத்துவரிடம் உடனே போக வேண்டும். அடியில் ஏதோ இறங்குவதுபோல் உணர்ந்தால் அது கர்ப்பப்பை இறக்கமாக இருக்கலாம். அதற்கும் அறுவை சிகிச்சை ஒன்றே வழியல்ல, கர்ப்பப்பையைத் தாங்க உள்ளே வளையம் பொருத்தியும் சமாளிக்கலாம் என்பதால் பயந்து தள்ளிப்போடாதீர்கள். தனியே வரக் கூச்சமாக இருந்தால் குழுவில் இதைப் பேசிய ஒருத்தியைத் துணைக்கு அழைத்து வாருங்கள். உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக இதையே சொல்லுங்கள், இடுப்புவலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.