கொசுத்தேனீயா, கொடுக்கில்லாத் தேனீயா?

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புகளை ஒட்டிய தோட்டங்களில், மரப்பொந்திலிருந்தோ சுவர் இடுக்கிலிருந்தோ பிசினாலான சிறு குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்க, அதன் வாயில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளமுள்ள கரிய பூச்சிகள் வந்துபோவதைக் காணலாம். மலாயில் இவற்றுக்குக் கெலுலுட் என்று பெயர். தமிழில் கேட்டால், பலர் ஆங்கிலப் பெயரைப் பெயர்த்துக் 'கொடுக்கில்லாத் தேனீ' என்பார்கள்.

கொடுக்கு என்பது தேளும் குளவியும் கொட்டும் உறுப்பு. இந்த இனத்தில் அது அடியோடு மறைந்துவிடவில்லை. கொட்ட உதவாத அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. கூட்டைக் கலைத்தால் தாடையால் கடிக்கும், தலைமுடிக்குள்ளும் புகுந்துவிடும்.

தமிழ்நாட்டில் பரவலாக வழங்கும் பெயர் கொசுத்தேனீ. உயர்ந்த பாறைகளில் அடை கட்டுவது மலைத்தேனீ, கொம்பில், அதாவது கிளையில், கட்டுவது கொம்புத்தேனீ, பல அடைகளை வரிசையாக அமைப்பது அடுக்குத்தேனீ என்று மற்றவற்றைக் கூட்டை வைத்தே அழைத்த தமிழர், இதை மட்டும் உடலின் சிறுமையை வைத்து அழைத்தார்கள். (பழந்தமிழில் தேன் என்ற சொல்லே வண்டினத்தையும் குறித்தது.) இவற்றின் இனக்குழுவுக்குரிய மெலிப்போனினி என்னும் அறிவியல் பெயரின் வேரில், தேன், உழைப்பு என்னும் பொருளுள்ள இரு கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன.

இவை தேனை அறுகோண அறைகளில் சேர்ப்பதில்லை. மெழுகும் மரப்பிசினும் குழைத்துச் செய்த சிறு பானைகளில் நிரப்புகின்றன. அதில் நீர் 25 முதல் 35 விழுக்காடு வரை இருப்பதால் எளிதில் நொதித்துப் புளிக்கும். வழக்கமான தேனுக்குப் பழகிய நாவுக்கு அது கெட்டுப்போனதாகவே தோன்றக்கூடும். இத்தேனில் டிரெகலுலோஸ் என்னும் அரிய சர்க்கரை இருப்பதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. சிங்கப்பூரில் காணப்படும் டெட்ராகோனுலா வகையின் கூடு ஆண்டுக்கு ஒரு கிலோ தேன் தருவதே அரிது. ஆனால் இவை பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே இரை தேடுவதால், ஒரு புளோக்கின் கீழ் வாழும் கூட்டம் அந்தத் தோட்டத்து மிளகாய்ச் செடிக்கும் மாமரத்துக்குமே மகரந்தம் சுமக்கிறது. தேனைவிட இதுவே பெரிய வரவு.

டெங்கிக்கு அஞ்சும் ஊரில் கொசு என்ற சொல் உறுத்தத்தான் செய்யும். ஆயினும் தேய்ந்தேனும் இருக்கும் உறுப்பை இல்லை என்று சொல்லும் பெயரைவிட, கண்டவர் கண்ணளவால் வைத்த பெயரே எனக்கு ஏற்புடையது. தோட்டத்துப் பலகையில் 'கொசுத்தேனீ' என்று எழுதி, அடியில் 'கொட்டாது' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.