காசிமேட்டு வெளிச்சத்துக்கு எந்தக் கேமரா?

தண்டையார்பேட்டையிலோ ராயபுரத்திலோ ஒரு பையன் கேமரா வாங்கப் போகிறேன் என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" அடுத்தது, "டிஎஸ்எல்ஆரா, சின்னதா?" அதாவது, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கேமராவா, பாக்கெட்டில் அடங்குவதா என்று. முதல் கேள்வியை இங்கேயே முடித்துவிடலாம். 20 மெகாபிக்சல் படத்தை 12-க்கு 18 அங்குல கல்யாண ஆல்பம் பக்கத்தில் முழுதாகப் போட்டாலும் துல்லியம் குறையாது. இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான கேமராக்கள் அந்த அளவைத் தொட்டுவிடுகின்றன. இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் இயற்பியல் தேவை.

"பெரிய கேமரா என்றால் கிளியராக வரும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வடசென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் பொழுது விடிவதற்கு முன்பே மீன் ஏலம் சூடுபிடித்துவிடும். விசைப்படகிலிருந்து கூடை கூடையாகச் சங்கராவும் வஞ்சிரமும் இறங்கும், ஐஸ் உடைபடும், ஏலம் விடுகிறவரின் கை ஒரு இடத்தில் நிற்காது. இருக்கிற வெளிச்சம் மேலே எரியும் விளக்குகள் மட்டும். நம் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்ளும். கேமராவுக்கு அது கஷ்ட காலம். ஒளி ஒரே சீராக ஓடி வருவதில்லை, போட்டான் என்னும் துகள்களாக, முன்பின் ஒழுங்கில்லாமல் வந்து விழுகிறது. கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சில்லான சென்சாரின் ஒரு புள்ளியில் சராசரியாக 100 போட்டான் விழுகிறது என்றால், ஒரு தடவை 92 இருக்கும், இன்னொரு தடவை 109 இருக்கும். இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு வரும். 100-க்கு 10, அதாவது 10 சதவீதம். 10,000 போட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, வெறும் 1 சதவீதம். இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, நாய்ஸ் என்கிறோமே, அதில் பெரும்பங்கு இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான். பதிவான ஒளியைப் பெருக்கிக் காட்டும் அமைப்பான ஐஎஸ்ஓ-வைக் கூட்டினால் படம் வெளிச்சமாகும். ஆனால் வராத போட்டானை ஐஎஸ்ஓ கொண்டுவந்துவிடாது.

ஆக, ஒரே கேள்விதான்: எந்தக் கேமரா அதிகப் போட்டானைப் பிடிக்கும்? பெரிய சென்சார் உள்ளதுதானே என்று தோன்றும். நைக்கானின் ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆரில் சென்சார் 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர். மலிவான பாக்கெட் கேமராவில் சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர். பரப்பளவில் 13 மடங்கு வித்தியாசம். கேட்பவர் அதோடு மயங்கிவிடுவார். ஆனால் ஒரு அறைக்குள் எவ்வளவு வெளிச்சம் வரும் என்பதை முடிவு செய்வது ஜன்னல், எதிர்ச் சுவரின் அகலம் இல்லை. கேமராவில் அந்த ஜன்னல், லென்ஸின் நடுவே ஒளி நுழையும் வட்டம். ஒரே காட்சியை, ஒரே அகலத்தில், ஒரே ஷட்டர் வேகத்தில், அதாவது ஒளியை உள்ளே விடும் நேரமும் ஒன்றாக இருக்கும்படி எடுத்தால், பிடிபடும் மொத்த ஒளியை நிர்ணயிப்பது இந்த வட்டத்தின் பரப்பளவு.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். லென்ஸின் முன்விளிம்பில் எண்கள் பொறித்திருப்பார்கள். டிஎஸ்எல்ஆரோடு வரும் கிட் லென்ஸில் 18-55, 3.5-5.6 என்று இருக்கும். முதல் ஜோடி குவியத் தூரம், மில்லிமீட்டரில்; சிறிய எண் அகலமான காட்சிக்கு, பெரிய எண் ஜூம் செய்யும்போது. இரண்டாவது ஜோடி எஃப் எண். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வட்டத்தின் விட்டம் கிடைத்துவிடும். 18-ஐ 3.5-ஆல் வகுத்தால் சுமார் 5.1 மில்லிமீட்டர். அவ்வளவுதான், அத்தனை பெரிய கேமராவின் ஜன்னல்! மலிவான பாக்கெட் கேமராவில் 5 மில்லிமீட்டர், எஃப் 3.2 என்பது போல இருக்கும். வகுத்தால் 1.6 மில்லிமீட்டர். பரப்பளவில் டிஎஸ்எல்ஆர் 10 மடங்கு முன்னால் நிற்கிறது. இதுவரை பெரிய கேமராவின் கட்சிதான் ஜெயிக்கிறது.

இப்போது சோனி ஆர்எக்ஸ்100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் வந்த பாக்கெட் கேமரா, எடை 240 கிராம். சென்சார் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், டிஎஸ்எல்ஆர் சென்சாரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. லென்ஸில் 10.4-37.1, 1.8-4.9 என்று இருக்கும். 10.4-ஐ 1.8-ஆல் வகுத்தால் 5.8 மில்லிமீட்டர். கிட் லென்ஸின் 5.1-ஐ விடப் பெரிது! சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற இந்தக் கேமரா, அகலமான கோணத்தில், கழுத்தில் தொங்கும் டிஎஸ்எல்ஆருக்குச் சமமாக, கணக்குப்படி கொஞ்சம் கூடவே, ஒளியைப் பிடிக்கிறது. ஜூம் செய்தால் நிலைமை திரும்பும்: சோனிக்கு 7.6, கிட் லென்ஸுக்கு 9.8. அப்போதும் வித்தியாசம் இரண்டு மடங்கை எட்டவில்லை.

இன்றைய நல்ல போன்களின் முதன்மைக் கேமராவில் இதே வட்டம் 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை வருகிறது. மலிவான பாக்கெட் கேமராவைப் போல இரண்டு மடங்கு. போதாததற்கு போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்தும் விடுகிறது. மலிவான சின்னக் கேமராக்களைப் போன் ஏன் விழுங்கியது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கையில் நல்ல போன் இருக்கும்போது அந்த வகையில் ஒன்றைப் புதிதாக வாங்குவது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

சரி, அப்படியானால் டிஎஸ்எல்ஆர் எதற்கு? லென்ஸைக் கழற்றி மாற்றுவதற்கு. டிஎஸ்எல்ஆரின் உண்மையான பலம் அந்தக் கழற்றும் வளையத்தில்தான் இருக்கிறது. 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்று உண்டு. ஜூம் கிடையாது, பார்க்கவும் சாதாரணமாக இருக்கும், டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களில் மிக மலிவானவற்றில் ஒன்று. 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர். கையில் வாங்கி முன்பக்கமாக உற்றுப் பாருங்கள், நம் 10 ரூபாய் நாணயத்தை விடச் சற்றே பெரிய வட்டம் தெரியும். கிட் லென்ஸை ஏறக்குறைய அதே கோணத்தில் வைத்தால் கிடைக்கும் 9.8 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டால், 8 மடங்குப் பரப்பளவு. மீன் ஏலத்தில் நொடியில் 60-ல் ஒரு பங்கு ஷட்டர் வைத்து எடுத்தால், ஏலக்காரரின் கை கலங்கிய கோடாக வரும். இந்த லென்ஸில் அதே ஐஎஸ்ஓ-வில் 500-ல் ஒரு பங்கு வைக்கலாம். விரல் நுனி வரை நிற்கும். பின்னணி மங்கி, முகம் மட்டும் எடுப்பாக நிற்பதும் இதே வட்டத்தின் வேலைதான். வட்டம் பெரிதானால் ஃபோகஸில் இல்லாத பொருள்கள் அதிகமாகக் கலைந்து தெரியும்.

கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது நம் கை ஆட்டத்தைத்தான் ஈடுகட்டும். எதிரே ஓடுகிறவரை நிறுத்தாது. வியாசர்பாடியில் சாயங்காலம் கால்பந்து ஆடும் பிள்ளைகளை எடுக்க ஷட்டர் வேகம்தான் வேண்டும், அதற்கு ஒளி வேண்டும்.

அந்தக் கால்பந்து மைதானத்தில் இன்னொரு விஷயமும் தெரியவரும். டிஎஸ்எல்ஆருக்குள் 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் வழியாக வரும் ஒளியை மேலே திருப்பி, நாம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்கு அனுப்புகிறது. அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியைப் பின்னாலும் விடும். அதைப் பின்னால் ஒட்டியிருக்கும் குட்டிக் கண்ணாடி ஒன்று கீழே இருக்கும் ஃபோகஸ் உணரிக்குத் திருப்பிவிடும். லென்ஸின் இரு எதிரெதிர் ஓரங்கள் வழியாக வரும் ஒளியை அந்த உணரி தனித்தனிப் பிம்பங்களாகப் பார்க்கிறது. இரண்டும் எந்தப் பக்கம், எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்தாலே லென்ஸ் முன்னே போக வேண்டுமா, பின்னே வர வேண்டுமா, எவ்வளவு தூரம் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பழைய பாக்கெட் கேமராக்களுக்கு அந்த வசதி இல்லை. லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தி, படம் கூர்மையாகிறதா என்று பார்த்து, தாண்டிப் போய், திரும்பி வந்து நிற்கும். அதற்குள் பந்து கோலுக்குள் போயிருக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஎஸ்எல்ஆரைப் பின்திரையில் பார்த்து எடுத்தால், கண்ணாடி மேலே மடங்கிவிடும், ஃபோகஸ் உணரிக்கு ஒளி போகாது. நைக்கான் டி3500, கேனான் 1500டி போன்ற ஆரம்பநிலை மாடல்கள் அப்போது அந்தப் பழைய தேடும் முறைக்கே இறங்கிவிடும். போன் பழக்கத்தில் திரையைப் பார்த்தே எடுப்பவர்களுக்கு டிஎஸ்எல்ஆரின் வேகம் பாதியும் கிடைக்காது. கண்ணை வைத்துத்தான் எடுக்க வேண்டும். ராயபுரம் கடற்கரையில் உச்சி வெயிலில் நின்றால் திரையில் எதுவும் தெரியாது என்பதால் அங்கே தானாகவே கண் வியூஃபைண்டருக்குப் போய்விடும். பேட்டரியும் தாங்கும். வியூஃபைண்டர் வெளிச்சத்தை அப்படியே காட்டுவதால் அதற்கு மின்சாரச் செலவே இல்லாத மாதிரிதான். டி3500 ஒரு சார்ஜில் 1,550 படம் என்று நிறுவனக் கணக்கு, ஆர்எக்ஸ்100-க்கு 330.

பாக்கெட் கேமரா ஜெயிக்கும் இடங்களும் வடசென்னையில் இருக்கின்றன. குளிர் மாதங்களில் எண்ணூரைத் தாண்டிப் பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கப் போகிறவர்கள் 30 மடங்கு ஜூம் உள்ள சின்னக் கேமராவைக் கொண்டுபோவதைப் பார்க்கலாம். அந்த வகையில் ஜூம் முனையில் 123 மில்லிமீட்டர், எஃப் 6.4 என்று ஒரு லென்ஸ் உண்டு. வட்டம் 19 மில்லிமீட்டர். சென்சார் சிறிதாக இருப்பதால் அது 35 மில்லிமீட்டர் பிலிம் கணக்கில் 720 மில்லிமீட்டருக்குச் சமமான நெருக்கம். கிட் லென்ஸின் 55, அதே கணக்கில் 82-தான். பூநாரையை அதே அளவுக்குக் கொண்டுவர டிஎஸ்எல்ஆர் படத்தை வெட்டினால், 24 மெகாபிக்சலில் 0.3 மெகாபிக்சல்தான் மிஞ்சும். ஏரியின் மேல் வெயில் கொட்டிக் கிடக்கிறது, ஒளிக்குப் பஞ்சமில்லை. 70-300 லென்ஸ் வாங்கும் வசதி இருந்தால் டிஎஸ்எல்ஆர் மறுபடி முந்தும், ஆனால் அது தனிச் செலவு, தனிப் பாரம்.

அப்புறம் மனிதர்கள். மீன் விற்கும் அம்மாக்கள் முன்னால் பெரிய கேமராவைத் தூக்கினால், "எந்த டிவிப்பா?" என்று கேட்டுவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொள்வார்கள். எடுக்க வந்த படம் அந்த நொடியே போய்விடும். பாக்கெட் கேமராவோ, போனோ அப்படி யாரையும் உஷார்படுத்துவதில்லை. கேட்டு எடுப்பதுதான் முறை. கேட்ட பிறகும் அவர்கள் இயல்பாக இருக்க வேண்டும் என்றால் கருவி சிறிதாக இருப்பது நல்லது.

கடற்காற்றிலிருந்து இரண்டுமே தப்புவதில்லை. துறைமுகத்தில் நின்று டிஎஸ்எல்ஆர் லென்ஸை மாற்றினால் தூசியும் உப்பு ஈரமும் உள்ளே போகும். ஆனால் சென்சாரில் ஒட்டிய தூசியை ஊதுகுழலால் ஊதி எடுக்கலாம். பாக்கெட் கேமராவின் குழாய் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே இழுக்கும்போது தூசி போனால், வீட்டில் எடுக்கவே முடியாது, பிரித்தாக வேண்டும். இன்னொன்று, ஏசி அறையில் 20 பாகையில் கிடந்த கேமராவைக் காசிமேட்டுப் புழுக்கத்தில் திறந்தவுடன் கண்ணாடியில் பனி படியும். நம் ஊர்க் காற்றின் ஈரம் 25 பாகைக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீராகிவிடக்கூடிய அளவுக்கு இருக்கிற நாட்கள் நிறைய. பாக்கெட் கேமரா சட்டைப் பையிலேயே சூடாகிவிடும். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடியும் உலோகமும் அதிகம், நேரம் எடுக்கும். வெளியே வந்து கால் மணி, அரை மணி நேரம் பையின் ஜிப்பைத் திறக்காமல் வைத்திருந்தால் போதும்.

என் தீர்ப்பு இதுதான். இரண்டாவது லென்ஸ் வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் டிஎஸ்எல்ஆர். முடிந்தால் கிட் லென்ஸை விட்டுவிட்டு, பாடியும் 50 மில்லிமீட்டரும். கிட் லென்ஸோடு நின்றுவிடுவோம் என்று தெரிந்தால், 13.2-க்கு 8.8 சென்சாரும் எஃப் 1.8 லென்ஸும் உள்ள பாக்கெட் கேமரா. அது அதே ஒளியைப் பிடித்து, தினமும் உங்களோடு வரும்.

நைக்கானும் கேனானும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் திரும்பிவிட்டதால், ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் இப்போது பெரும்பாலும் செகண்ட்ஹேண்டில்தான் கைக்கு அடங்கும் விலையில் கிடைக்கும். வாங்கும்போது லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் போன் டார்ச்சை அடித்து, மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரிக் கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை, நம் ஊர் ஈரத்தில் வளர்வது, வாங்காதீர்கள். நைக்கானாக இருந்தால், எத்தனை கிளிக் ஆகியிருக்கிறது என்று ஒரு படத்தை எடுத்துக் கணினியில் பார்க்கச் சொல்லுங்கள். டி3500-ன் ஷட்டர் 1 லட்சம் கிளிக்குக்குச் சோதிக்கப்பட்டது, 20,000, 30,000 என்றால் தாராளமாக வாங்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பாக்கெட்டோடு போட்டு வையுங்கள். துணிப் பையில் போட்டு பீரோவில் பூட்டினால் அடுத்த மழைக்காலத்துக்குள் அதே பூஞ்சை உங்கள் லென்ஸிலும் வந்துவிடும்.