போக்கர் டேபிளில் தகராறு வந்தால்: ஃப்ளோரில் நிற்பவனின் குறிப்புகள்

கோவாவில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கசினோ கப்பல் ஒன்றில் சில வருடம் டீலராக இருந்தேன். இப்போது போக்கர் ஃப்ளோர் பார்க்கிறேன், அதாவது டேபிள் தகராறுகளுக்குத் தீர்ப்பு சொல்லும் மேற்பார்வையாளர். டேபிளில் குரல் உயர்ந்தால் டீலர் கையைத் தூக்கி "ஃப்ளோர்!" என்பார். போய் நிற்க வேண்டியது நான்தான்.

அடிக்கடி வருவது ஒற்றைச் சிப் தகராறு. ஒருவர் 1,000 கட்டியிருக்கிறார். அடுத்தவர் வாயே திறக்காமல் 5,000 சிப் ஒன்றைப் போடுகிறார். டீலர் "கால்" (அதே தொகைக்கு ஈடு கட்டுவது) என்று சொல்லி மீதி 4,000ஐத் திருப்பித் தள்ளுகிறார். உடனே, "நான் ரெய்ஸ்தானே பண்ணினேன்!" என்கிறார் போட்டவர், தொகையை ஏற்றினேன் என்று. மனதுக்குள் பண்ணியிருக்கலாம். ஆனால் சொல்லாமல் போட்ட ஒற்றைப் பெரிய சிப் கால்தான். ரெய்ஸ் என்றால் சிப் மேசையைத் தொடும் முன் வாயால் சொல்லிவிட வேண்டும். போட்டிகளுக்கு இன்று பல நாடுகளில் பின்பற்றப்படும் டிடிஏ விதிகளும் (போக்கர் போட்டி நடத்துநர்களின் சங்கம், தொடங்கியது 2001இல்) இதைத்தான் சொல்கின்றன. காரணம் எளிது. சிப்பைப் போட்டுவிட்டு எதிராளி முகத்தைப் பார்த்து, அப்புறம் காலா ரெய்ஸா என்று முடிவு செய்ய யாருக்கும் இடம் தரக் கூடாது. கொஞ்சம் வைத்துவிட்டு மறுபடி கையைத் தன் சிப் அடுக்குக்குக் கொண்டுபோய் இன்னும் வைக்கும் ஸ்ட்ரிங் பெட்டுக்கும் இதே கதைதான்.

நான் போனதும் முதலில் டீலரைக் கேட்பேன். அப்புறம் கையில் சீட்டு வைத்திருக்கும் இரண்டு பேரையும், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல். ஃபோல்ட் செய்துவிட்டு (சீட்டைக் கொடுத்து விலகிவிட்டு) பக்கத்தில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்கிறவர்கள்தான் பெரிய தலைவலி. உங்களைக் கேட்டால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். அதுவரை யாரும் நடுவில் குவிந்த பந்தயச் சிப்புகளில் (அதுதான் பாட்) கை வைக்க வேண்டாம், சீட்டையும் விட வேண்டாம்.

சீட்டை விட வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) முடிந்ததும் ஒருவர் "ஃப்ளஷ்" (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, ஜோடியை வெல்லும்) என்றார், சீட்டைத் திருப்பவில்லை. எதிரில் இருந்த பையன் நம்பித் தன் ஜோடி ராஜாவை டீலர் பக்கம் வீசிவிட்டான். சீட்டு கழிவுக் குவியலில் கலந்த பிறகு ஃப்ளஷ் என்றவர் திருப்பினால் ஜோடி ஒன்பதுதான். "சரியாகப் பார்க்கலை பாஸ்" என்று சிரிப்பு வேறு. கலந்துபோன சீட்டு செத்த சீட்டு. பாட் அவருக்கே போனது. அவருக்கு எச்சரிக்கை கொடுத்தேன், ஆனால் பையனுக்குப் பணம் வாங்கித் தர முடியவில்லை. எதிராளி வாயால் என்ன சொன்னாலும் கணக்கில்லை, மேசையில் திரும்பிய சீட்டுதான் பேசும். பாட் கைக்கு வரும்வரை உங்கள் சீட்டை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

நேரமும் முக்கியம். டீலர் அடுத்த கைக்கு (புதிதாகச் சீட்டு போடும் ஒவ்வொரு தடவையும் ஒரு கை) சீட்டைக் கலைக்க ஆரம்பித்துவிட்டால் போட்டியில் முந்தைய கையைப் பற்றிய உரிமை போய்விடும். கூச்சப்படாமல் அந்த நொடியே ஃப்ளோரைக் கூப்பிடுங்கள். கேமரா இருக்கிறது, பார்க்கலாம். ஆனால் சத்தமில்லாத படத்தில் நீங்கள் "ரெய்ஸ்" சொன்னது கேட்காது.

டீலர் மேல் சீட்டை விசிறுவது, தோற்றவரைக் கிண்டல் செய்வது, ஜெயித்த சீட்டை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே நேரம் கடத்தித் திருப்புவது ஆகியவற்றுக்கு நீங்கள் பதில் சொல்லப் போகாதீர்கள். பதில் சொன்னால் எச்சரிக்கை இரண்டு பேருக்கும் வரும். போட்டியில் ஒரு சுற்று வெளியே உட்கார வைக்கலாம், முற்றினால் ஆட்டத்தை விட்டே அனுப்பலாம்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை இரவு, சேலத்திலிருந்து வந்தவர் ஒருவரை "வாங்கண்ணே, சாப்ட்டீங்களா?" என்று விசாரித்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து மேலே சொன்ன அதே ஒற்றைச் சிப் தகராறு, அவருக்கும் டெல்லிக்காரர் ஒருவருக்கும். தீர்ப்பு சேலத்தாருக்குச் சாதகம். விதிப்படி சரியான தீர்ப்பு. ஆனால் டெல்லிக்காரர் என்னைப் பார்த்து, "உங்கள் பாஷைக்காரர்தானே" என்றார். விதியை இரண்டு தடவை விளக்கினேன், அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருப்பேனா தெரியாது. கை நடக்கும்போது டேபிளில் வேறு மொழி பேசக் கூடாது என்று ஆட்டக்காரர்களை அதட்டுகிறவன் நான். இப்போது சேலத்தண்ணனுக்கும் டேபிள் பக்கத்தில் "குட் ஈவினிங் சார்"தான். நலம் விசாரிப்பதெல்லாம் கரைக்குத் திரும்பும் படகில்.