சாவி சரி, பெட்டிதான் பழசு

“பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன் மாப்பிள்ளை. உள்ளே போகுது. ஆனா மூணு நாளா ஒரு ஆர்டர்கூட வரல.”

மாமா தேக்கா பக்கம் கேட்டரிங் நடத்துகிறார். தீபாவளி நெருங்கும் நேரத்தில் அவருடைய மெயில் பெட்டி மூன்று நாள் சும்மா கிடக்க வழியே இல்லை. “உங்களுக்கு நீங்களே ஒரு மெயில் போட்டுப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன். “பார்த்தேனே, உடனே வந்துடுச்சு.”

அந்தப் பதில்தான் என்னை அரை மணி நேரம் சுற்றலில் விட்டது.

மாமாவின் முகவரி ஜிமெயில் முகவரி அல்ல. @ குறிக்குப் பின்னால் அவருடைய கடைப்பெயர், அப்புறம் .காம்.எஸ்ஜி. இப்படிச் சொந்த டொமைன் வைத்திருப்பவர்களில் பலர் அதை ஒரே பொருள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டொமைன் வெறும் பெயர்தான். அந்தப் பெயரில் வலைத்தளம் ஒரு கம்பெனியின் கணினியில் இருக்கலாம், மெயில் இன்னொரு கம்பெனியில் இருக்கலாம், பெயரைப் பதிந்து கொடுத்தது மூன்றாவது கம்பெனியாக இருக்கலாம். இவற்றைச் சேர்த்து வைப்பது டிஎன்எஸ் என்ற முகவரிப் புத்தகம். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது, இன்றும் அதே அடித்தளத்தில்தான் ஓடுகிறது.

இந்தப் புத்தகத்தை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதலில் எஸ்ஜி யாருடையது என்று கேட்கவேண்டும். அது சிங்கப்பூரின் எஸ்ஜிநிக் அமைப்பின் பொறுப்பு. அங்கே கேட்டால், இந்தக் கடையின் குறிப்புகள் எந்தக் கணினியில் இருக்கின்றன என்று தெரியும். (நம் நாட்டுக்குத் தமிழிலேயே .சிங்கப்பூர் என்ற முடிவும் இருக்கிறது. தட்டச்சுவது தமிழில், உள்ளே டிஎன்எஸ்ஸுக்குப் போவதோ எக்ஸ்என் என்று தொடங்கும் ஒரு ஆங்கில எழுத்துக் கோவை. கடைப்பலகையில் அதைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை, பாவம்.)

கடைசியாகப் போய்ச் சேரும் கணினியில் ஒரே பெயருக்குப் பல குறிப்புகள் இருக்கும். நமக்கு வேண்டியவை இரண்டு. வலைத்தளம் எங்கே என்று சொல்வது ஏ ரெக்கார்டு. மெயிலை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று சொல்வது எம்எக்ஸ் ரெக்கார்டு. எம்எக்ஸில் 10, 20 என்று எண்களும் இருக்கும்; சின்ன எண் உள்ள சர்வரைத்தான் (மெயிலை வாங்கிக்கொள்ளும் கணினியைத்தான்) முதலில் தட்டுவார்கள். இரண்டு குறிப்புகளும் தனித்தனி. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது.

சரி, மாமா உள்ளே போனது எப்படி?

உலாவியில் நுழைவுப் பக்கத்தைத் திறந்ததும், அந்தப் பக்கத்தை வைத்திருக்கும் கணினி தன் சான்றிதழைக் காட்டுகிறது, இருவருக்கும் நடுவே பேச்சு மறையாக்கப்படுகிறது. முகவரிக்குப் பக்கத்தில் தெரிந்த பூட்டுப் படம் இதைத்தான் சொன்னது. ‘இந்தப் பெயருள்ள கணினியோடு நீ பேசுவதை நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது’ என்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்தக் கணினி நல்லவருடையதா என்று அது சொல்லவே இல்லை. மோசடிப் பக்கங்களுக்கும் பூட்டு கிடைக்கும். மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் 2023-இல் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

அடுத்து கடவுச்சொல். ஒழுங்காக நடத்தும் சர்வர் அதை எழுதி வைத்துக்கொள்வதில்லை. அரைத்த மாவிலிருந்து திரும்ப அரிசியை எடுக்க முடியுமா? அதுபோல ஒரு கணக்கைப் போட்டு, அரைத்ததை மட்டும் வைத்திருக்கும். நீங்கள் தட்டச்சியதையும் அதே கிரைண்டரில் போட்டு, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கும். ஒரே சொல்லை இரண்டு பேர் வைத்திருந்தால் ஒரே மாவு வந்து குட்டு உடைந்துவிடுமே என்பதற்காக, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எழுத்துத் துணுக்கைச் சேர்த்து அரைப்பார்கள். அதற்குத் தொழிலில் ‘சால்ட்’, உப்பு என்றே பெயர். நான் சொன்னதும் மாமா சிரித்தார். “மாவுன்னா உப்பு வேணும்ல.” அதனால்தான் கடவுச்சொல் மறந்தால் புதிதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்களே தவிர, பழையதைச் சொல்வதில்லை. பழையதை அப்படியே அனுப்பி வைக்கும் கம்பெனி கிடைத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

மாவு ஒத்துப்போனதும், சர்வர் ஒரு நீளமான சீட்டு எண்ணைக் கொடுக்கும். உலாவி அதைக் குக்கி என்ற சிறு குறிப்பாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மெயிலைச் சொடுக்கும்போதும் காட்டும். வலைக்கு ஞாபகசக்தி கிடையாது, ஒவ்வொரு சொடுக்கும் அதற்குப் புது ஆள். 1994-இல் நெட்ஸ்கேப் என்ற உலாவிக் கம்பெனியில் லூ மொண்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தது இந்த மறதிக்குத்தான். பக்கத்தை மூடிவிட்டால் வெளியே வந்துவிட்டோம் என்று நினைப்பது தப்பு. சீட்டு செல்லுபடியாகும்வரை, கடைக் கணினியில் அடுத்து உட்காரும் தம்பியும் மாமாதான்.

இன்னொன்று. உலாவி இங்கே மெயில் பெட்டியை நேரே தொடுவதில்லை. நடுவே வெப்மெயில் என்ற நிரல் நின்று, நம் சார்பில் ஐமேப் என்ற மொழியில் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பக்கமாக வரைந்து காட்டுகிறது. எந்தப் பெட்டியைத் திறக்கவேண்டும் என்று அதற்கு முன்பே சொல்லி வைத்திருப்பார்கள். அது எம்எக்ஸைப் பார்த்து முடிவு செய்வதில்லை.

இங்கேதான் எனக்கு உறைத்தது. “முகவரிப் பட்டையில் என்ன இருக்குன்னு படிங்க மாமா.” படித்தார். அவர் கடைப்பெயரே அதில் இல்லை. வேறு ஏதோ சர்வர் பெயர், முக்காற்புள்ளி, 2096. சிபேனல் என்ற நிர்வாக மென்பொருளை வைத்திருக்கும் கம்பெனிகளின் வெப்மெயில் கதவு எண் அது. பல வருடத்துக்கு முன்னால் புக்மார்க் செய்தது.

போன வாரம் மாமா வலைத்தளத்தைப் புதிய கம்பெனிக்கு மாற்றியிருக்கிறார். அவர்கள் மெயிலையும் சேர்த்துத் தங்கள் பக்கம் எடுத்துக்கொண்டு, எம்எக்ஸை மாற்றிவிட்டார்கள். விவரம் ஒரு நீண்ட மெயிலின் அடியில் இருந்தது. அதை யார் படிக்கிறார்கள்? பழைய இடத்தின் ஒப்பந்தம் மாதக் கடைசிவரை இருந்தது. ஆக, பழைய பெட்டி உயிரோடு, பழைய கடவுச்சொல் செல்லுபடியாக, பழைய மெயில்களோடு அப்படியே இருந்தது. வீடு மாறியவர், பழைய புளோக்கின் கீழ்த்தளத்தில் போய்த் தன் பழைய தபால்பெட்டியைத் தினமும் திறந்து பார்ப்பது போல. சாவி திறக்கும். தபால்காரர்தான் இங்கே வருவதில்லை.

அப்படியானால் தனக்கே அனுப்பிய மெயில் எப்படி வந்தது? மெயிலை வெளியே அனுப்புமுன் சர்வர் முதலில் ஒன்றைப் பார்க்கும்: இந்த டொமைன் என்னிடமே இருக்கிறதா? பழைய சர்வரின் பட்டியலில் மாமாவின் பெயர் இன்னும் அழிக்கப்படவில்லை. எனவே அது எம்எக்ஸைக் கேட்கவே இல்லை. பக்கத்துப் பெட்டியில் போடுவதுபோல உள்ளுக்குள்ளேயே போட்டுவிட்டது. வெளியுலகம் பக்கமே அந்த மெயில் போகவில்லை. இம்மாதிரிச் சோதனையை வேறு முகவரியிலிருந்து, ஜிமெயிலிலிருந்து, செய்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

புதிய பக்கத்தின் முகவரியைக் கண்டுபிடித்து, பெயர்க் கட்டத்தில் @ குறிக்கு முன்னால் உள்ளதை மட்டும் போட்டு ஒரு தடவை தோற்று, முழு முகவரியையும் போட்டு உள்ளே போனோம். வாசிக்காதவை 31. ஈசூனிலிருந்து ஒருவர் நாற்பது டப்பா முறுக்கு கேட்டு, மறுநாள் நினைவூட்டி, அதற்கு மறுநாள் ‘பரவாயில்லை, வேறு இடத்தில் சொல்லிவிட்டேன்’ என்று மூன்று மெயில் எழுதியிருந்தார். மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பழைய பெட்டி மூடப்படுவதற்குள் உள்ளே இருந்ததையெல்லாம் ஐமேப் வழியாகப் புதிய பெட்டிக்கு நகலெடுத்தோம். ஆறு வருட மெயில், ஒரு ராத்திரி ஆனது. காலையில் பார்த்தால் எல்லாம் வந்து சேர்ந்திருந்தது, மாமா தனக்குத்தானே போட்ட ‘டெஸ்ட்’ மெயிலும் சேர்த்து. ஒன்று அல்ல, ஐந்து.