குமரிக் காட்டில் ஏன் எதுவும் கண்ணில் படுவதில்லை?

திற்பரப்பில் குளித்துவிட்டு, பேச்சிப்பாறை அணையை எட்டிப் பார்த்துவிட்டு, கோதையாறு சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் சொல்லும். காடு காடு என்றார்கள், ரோட்டோரம் நாலு குரங்கைத் தவிர ஒன்றையும் காணோம். முதுமலையிலாவது மான் கூட்டமாக நின்றது, இங்கே என்ன இருக்கிறது?

புகாரில் நியாயம் இருக்கிறது. கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தின் பரப்பு சுமார் 402 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தில் ஏறக்குறைய கால் பங்கு. யானை, புலி, காட்டெருமை, சிங்கவால் குரங்கு, வரையாடு, சருகுமான், மலைப்பாம்பு என்று பட்டியலும் நீளமானது. ஒரு பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், இன்னொரு பக்கம் கேரளத்தின் நெய்யாறு சரணாலயம். எல்லாம் சேர்ந்து அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதி; 2016இல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்தது. இவ்வளவு இருந்தும் கண்ணுக்கு ஒன்றும் சிக்காததற்குக் காரணம் மழையில் தொடங்குகிறது.

கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதினால் மேலே ஏறுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும், விரிந்தால் குளிரும். குளிர்ந்த காற்றால் முன்பிருந்த அளவு நீராவியைத் தாங்க முடியாது. மிச்சம் மேகமாகி மழையாக இறங்கும். பொதுவாக 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை 6.5 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறையும். மகேந்திரகிரியின் உயரம் 1654 மீட்டர். அடிவாரத்தில் 32 டிகிரி வெயில் அடிக்கும்போது உச்சியில் 21, 22 டிகிரிதான் இருக்கும்.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கி மலையின் மேற்குச் சரிவை நனைக்கும். அது ஓயும் வேளையில் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். போதாததற்கு ஏப்ரல், மே மாதங்களில் கோடைமழை. ஆக, நம் மலைக்கு உண்மையான வறட்சி என்பது ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் வடக்கே போகப் போக இந்த வறண்ட காலம் நீண்டுகொண்டே போகும். மும்பைக்குப் பின்னாலுள்ள மலைகளில் ஆறேழு மாதத்துக்கும் மேல். அங்கே கொட்டும் மழை குறைவில்லை. ஆனால் எல்லாம் நாலு மாதத்தில் கொட்டி முடிந்துவிடும். ஒரு மரம் வருடம் முழுக்க இலையோடு நிற்குமா, இலையுதிர்த்துப் பிழைக்குமா என்பதைத் தீர்மானிப்பதில், மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட எத்தனை மாதம் மழையில்லை என்பதற்குத்தான் பெரிய பங்கு. பசுமைமாறாக் காட்டுக்கே உரிய மரவகைகள் தென்கோடியில் குவிந்து கிடப்பதற்கு முக்கியக் காரணம் இது.

இதே மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிக்குப் போய்ப் பாருங்கள். பேச்சிப்பாறையிலிருந்து நேர்கோட்டில் 35 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் நிலமே வேறு. உடைமரம், கள்ளி, முள், நடுவில் மயில். மலைத்தொடர் விட்டுப்போன இடைவெளி அது. தடுத்து மேலே தூக்க அங்கே மலை இல்லாததால் காற்று ஏறாமலே, குளிராமலே கடந்து போகிறது. குறுகலான வழியில் பிதுங்கி வருவதால் வேகமும் கூடுகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது அதனால்தான். இலை சிறுத்து முள்ளாகும் முட்காடு, இலையுதிர் காடு, பாதிப் பசுமைமாறாக் காடு, பசுமைமாறாக் காடு, உச்சியில் சோலையும் புல்வெளியும் என்று இத்தனை வகையும் ஒரே மாவட்டத்தில் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி மரம், பூச்சி, பறவை. இங்குள்ள வளம் என்பது இந்த வகைகளின் கணக்கு. தலைகளை எண்ணிப் பார்த்தால் முதுமலையிடம் தோற்றுத்தான் போவோம்.

ஏன் தலை எண்ணிக்கை குறைவு? புள்ளிமானுக்குப் புல் வேண்டும், புல்லுக்கு வெயில் வேண்டும். முதுமலை போன்ற இலையுதிர் காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். இலை உதிர்ந்த மாதங்களில் வெயில் தரை வரை வரும், மழை பெய்ததும் புல் முளைக்கும், மான் கூடும். கோதையாற்றுக்கு மேலே பசுமைமாறாக் காட்டில் மரங்கள் 30 மீட்டருக்கு மேல் உயர்ந்து, ஒன்றின் கிளை இன்னொன்றில் நுழைந்து கூரை போட்டிருக்கும். உச்சியில் விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேரும். அந்த இருட்டில் புல் வளராது. தளிர், பூ, பழம், அதைத் தின்னும் புழு, புழுவைத் தின்னும் பறவை எல்லாமே மேலே இருக்கும். கல்யாண வீட்டில் பந்தி மாடியில் நடக்க, நாம் செருப்பு விடுகிற இடத்தில் நின்றுகொண்டு சாப்பாடே இல்லை என்று சொல்வது போலத்தான் நம் புகாரும்.

மேலே யார் இருக்கிறார்கள்? சிங்கவால் குரங்கு இருக்கிறது. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் குரங்கு. பெரும்பாலான நேரம் கிளைக்குக் கிளைதான் போகும். காட்டை வெட்டி நடுவே ஒரு தோட்டமோ அகலமான சாலையோ போட்டால் அந்தக் கூட்டம் துண்டுபட்டுவிடும். அதற்குப் பிடித்த மரங்களில் ஒன்று வெடிப்பலா. முள்முள்ளாகக் காய்க்கும் இந்த மரத்தின் விதையையும் பூவையும் அது விரும்பித் தின்னும். பிப்ரவரி, மார்ச்சில் காட்டில் மற்ற பழங்கள் குறையும்போது வெடிப்பலாவின் கிளைகளை ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூக்கள் வரும். குரங்கு, அணில், வௌவால் எல்லாவற்றுக்கும் அப்போது அதுதான் கதி. சாலையோரம் சிப்ஸ் பாக்கெட்டுக்குக் கை நீட்டுகிறதே, அது வேறு இனம், சாதாரண நாட்டுக்குரங்கு. நாம் போடும் தீனிதான் அதைக் காட்டிலிருந்து ரோட்டுக்கு இழுத்து வைத்திருக்கிறது. வண்டியில் அடிபட்டுச் சாவதும் அதனால்தான்.

கருமந்தியும் மலை அணிலும் அந்த மேல்தளத்துக்காரர்களே. தரையில் இருப்பது சருகுமான் மாதிரி, முயலைவிடக் கொஞ்சம் பெரிதாக, உதிர்ந்த பழத்தைப் பொறுக்கித் தின்று, அசையாமல் நின்றே தப்பிக்கும் பிராணி. மூன்றடி தள்ளி நின்றாலும் தெரியாது. யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ அளவில் தீனி வேண்டும். புல் குறைந்த காட்டில் அது ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் யானையைவிட யானைச் சாணத்தைத்தான் அடிக்கடி பார்ப்போம். சாணத்தில் ஆவி பறந்தால், அல்லது ஈரம் மின்னினால், மேற்கொண்டு நடக்காமல் திரும்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பறவைகளின் விஷயம் இன்னும் வேடிக்கை. ஒரு மணி நேரம் நடந்தாலும் ஒரு குருவியைக் காண முடியாது. திடீரென்று ஐந்து நிமிடத்துக்குள் பத்துப் பதினைந்து இனங்கள் தலைக்கு மேலே கடந்து போகும். பூச்சி தின்னும் பறவைகள் பல இனமாகச் சேர்ந்து கூட்டமாக மேயும் பழக்கம் இது. ஒன்று தண்டைக் குடையும், ஒன்று இலையடியைப் பார்க்கும், ஒன்று பறக்கும் பூச்சியைப் பிடிக்கும். இரை வேறு வேறு என்பதால் சண்டை குறைவு. கண்கள் பலவாக இருப்பதால் வல்லூறு வந்தால் யாராவது ஒருவர் கத்திவிடுவார். துடுப்புவால் கரிச்சான் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில் இருக்கும். மற்றவை கலைத்துவிடும் பூச்சிகளைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்குக் காவல் பார்க்கும். மற்ற பறவைகளின் குரலில் கத்தவும் அதற்குத் தெரியும். எனவே இந்தக் காட்டில் வேகமாக நடப்பதைவிட ஓரிடத்தில் அரை மணி நேரம் உட்கார்வது லாபம். விடியற்காலை இன்னும் நல்லது. காற்று அசையாமல் குளிர்ந்திருப்பதால் குரல் தூரத்திலிருந்து தெளிவாகக் கேட்கும்.

உயரத்துக்குப் போனால் கதை மாறுகிறது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே இருக்கும் இந்த மலைப்பகுதிக்கு அசம்பு மலை என்று பெயர். நாகர்கோவில்காரர்களுக்கு அசம்பு ரோடு தெரியும். குளிரில் வாழப் பழகிய சோலைப் பறவைக்குக் கணவாயின் சூடான தாழ்நிலம் கடல் மாதிரிதான், தாண்டுவதில்லை. இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட கூட்டம் அந்தப் பக்கத்துக் கூட்டத்தோடு இனம் கலக்காமல் லட்சக்கணக்கான வருடம் தனித்தே இருந்தால், மரபணுவில் சிறு சிறு மாற்றங்கள் சேர்ந்து கடைசியில் தனி இனமாகிவிடும். 2017இல் அப்படி ஒரு சோலைக் குருவியைத் தனி இனமென்று விஞ்ஞானிகள் பிரித்து, அசம்பு பெயரையே அதற்கு வைத்தார்கள். செடிகளிலும் இந்தக் கதை உண்டு: அகத்தியமலைப் பகுதியில் இருக்கும் 2000க்கு மேற்பட்ட பூக்கும் தாவர இனங்களில் சுமார் 400 அந்த வட்டாரத்துக்கே உரியவை. இரவில் புதரிலிருந்து டிக் டிக் என்று கத்தும் சிறு தவளைகளிலும் அப்படியே. இவற்றில் பலவற்றுக்கு நீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே முழுத் தவளைக் குஞ்சாகி வெளியே வரும். குளம் தேவையில்லை, ஆனால் காற்றில் ஈரம் குறையவே கூடாது.

ஓர் எச்சரிக்கை. குலசேகரத்திலிருந்து மலைப்பக்கம் போகும்போது பச்சையாகத் தெரிவதில் பெரும்பகுதி ரப்பர். வெளியூர்க்காரர்கள் அதையே காடு என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். ரப்பர் மரம் அமேசான் பக்கத்திலிருந்து வந்தது. ஒரே வயது, ஒரே உயரம், பறவை தின்னும் பழம் இல்லை. முப்பது வருடத்தை ஒட்டி வெட்டி மறுநடவு செய்துவிடுவதால் முதிர்ந்த மரத்தில் விழும் பொந்தும் இல்லை. இருவாச்சி அப்படிப்பட்ட பொந்துக்குள்தான் முட்டையிடும். பெட்டை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ள, ஆண் ஒரு கீறல் வழியாக வாரக்கணக்கில் பழம் ஊட்டும். பொந்து இல்லாத தோப்பில் அது பறந்து கடக்குமே தவிர குடியிருக்காது. ரப்பர் ஜனவரி, பிப்ரவரியில் இலையுதிர்க்கும். அந்த மாதங்களில் போனால் எது தோட்டம், எது காடு என்று தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லிவிடலாம்.

மலையில் கண் வலித்தால் குளத்துக்கு வாருங்கள். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன. ராஜாக்கமங்கலம் பக்கம் வேம்பனூரும் அதே வருடம். இங்கே மறைப்பே இல்லை, பார்வைக்குத் தடையில்லை. யார் எங்கே நிற்கிறார் என்பதைத் தண்ணீரின் ஆழம் தீர்மானிக்கிறது. பவளக்கால் உள்ளான் கால் நனையும் அளவில், நாரை முழங்காலளவில், கூழைக்கடா நடுவில் நீந்தி. மஞ்சள் மூக்கு நாரை அலகைச் சற்றுத் திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு அசைத்துக்கொண்டிருக்கும். மீன் அலகில் பட்டதும் மூடிவிடும். தொட்டு உணர்ந்து பிடிப்பதால் கலங்கிய தண்ணீரும் அதற்கு ஒன்றுதான். தாமரை படர்ந்த இடத்தில் இலைக்கோழி நடக்கும். விரல்கள் அவ்வளவு நீளம் என்பதால் எடை பரவி இலை அமிழாது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, ஆலாக்களும் சேர்ந்துகொள்ளும். அவை வரத் தொடங்கும் வேளைதான் கன்னிப்பூ நெல்லை அறுத்து, அடுத்த போகமான கும்பப்பூவுக்கு வயல் உழும் நேரம். உழுத சேற்றில் புழு வெளியே வருவதால் கொக்குகள் குளத்தைவிட்டு டிராக்டர் பின்னால் போய்விடும். குளத்தில் பறவை குறைவாக இருந்தால் பக்கத்து வயலையும் பாருங்கள். பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் உப்புத்தண்ணீர் கலப்பதால் வேறு கூட்டம்.

போவதற்குச் சில நடைமுறைகள். இந்த மாவட்டத்தில் தேசியப் பூங்கா கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் மேய்ச்சலோ, யாருக்கும் நில உரிமையோ இருக்கக்கூடாது. சரணாலயத்தில் சில உரிமைகள் தொடரலாம். அதனால்தான் சரணாலயத்துக்குள் காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகளும் சாலையும் இருக்கின்றன. அவர்கள் வீட்டு முற்றம் சுற்றுலா இடம் கிடையாது, கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். காளிகேசம், கீரிப்பாறை மாதிரியான இடங்களுக்கும் மேல்மலைக்கும் வனத்துறை அனுமதி எப்படி என்று முன்பே நாகர்கோவிலிலுள்ள மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டுத்தீ பயத்தால் கோடையில் வழியை அடைப்பதும் உண்டு. ஜனவரி, பிப்ரவரி பார்வைக்கு நல்லது. தவளை வேண்டுமென்றால் ஜூன், ஜூலை, கூடவே அட்டையும் வரும். நம் கால் அதிர்வையும் உடல் சூட்டையும் மூச்சையும் உணர்ந்து அது தேடி வரும். கடித்தால் பதற வேண்டாம், அட்டையின் எச்சில் இரத்தத்தை உறைய விடாது என்பதால் கொஞ்ச நேரம் கசியும், அவ்வளவுதான்.

அப்புறம், செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. குரல் கேட்டதும் அந்தப் பறவை எதிரி தன் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று விரட்ட ஓடிவருகிறது. கூட்டில் குஞ்சு இருக்கும் மாதங்களில் இரை தேடும் நேரம் இப்படியே போய்விடும். எல்லாச் சரணாலயத்திலும் இதைத் தவிர்ப்பது நல்லது. அசம்பு மலை மாதிரி, ஓர் இனம் உலகத்திலேயே சில மலை உச்சிகளில் மட்டும் இருக்கும் இடத்தில் செய்யவே கூடாது.