டானிக் ஊற்றும் முன் நிப்பிள் லைனைப் பாருங்கள்

பல்லடம், உடுமலை பக்கம் பிராய்லர் பண்ணைகளுக்குப் போனால், தீவன மூட்டை அடுக்கியிருக்கும் அறையின் ஜன்னல் திண்டில் வரிசையாக பாட்டில்கள் நிற்கும். லிவர் டானிக், பி காம்ப்ளெக்ஸ், ஈ-செலினியம், இரண்டு மூன்று மூலிகைக் கலவை. பாதி திறந்தபடி, வெயில் நேராக விழுகிற இடத்தில். எது எதற்கு என்று கேட்டால் "வெயிட் வரும்னு சொன்னாங்க சார்" என்பார்கள். நான் டானிக்குக்கு எதிரி இல்லை, நானே எழுதிக் கொடுக்கிறவன்தான். ஆனால் எதற்கென்று தெரியாமல் ஊற்றினால் கரைவது உங்கள் காசு, கெடுவது நிப்பிள் லைன் (கோழி கொத்திக் குடிக்கிற முனைகள் உள்ள தண்ணீர்க் குழாய்).

கம்பெனித் தீவனத்தில் ஏ, டி3, ஈ, கே, பி வகை வைட்டமின்கள் எல்லாம் ஏற்கனவே கலந்துதான் வருகின்றன. நாற்பது கிராம் சொச்சம் இருக்கும் குஞ்சு நாற்பது நாளுக்குள் இரண்டு கிலோவைத் தாண்டுகிறது என்றால், அதற்குக் காரணம் இனத்தேர்வும் அந்தத் தீவனமும்தான் (ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள் என்பது வெறும் வாட்ஸ்அப் கதை). நல்ல தீவனம் தின்று நன்றாக இருக்கிற பேட்சுக்கு (ஒரே நேரத்தில் இறக்கி வளர்க்கிற கோழிக் கூட்டத்துக்கு) தினமும் வைட்டமின் தேவையில்லை. தண்ணீரில் கரையும் வைட்டமின் மிஞ்சினால் எச்சத்தோடு போய்விடும், டி3 அப்படிப் போகாது; அளவு மீறினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும்.

அப்புறம் எப்போதுதான் கொடுப்பது? குஞ்சு இறங்கும் நாள், தடுப்பூசியை ஒட்டிய நாட்கள், தீவனம் எடுப்பது குறையும் சமயம், சித்திரை வெயில். வைட்டமின் சி-யை கோழி தானே தயாரித்துக்கொள்ளும், கடும் வெயிலில் மட்டும் அது போதாது. அப்போது எலெக்ட்ரோலைட் உப்புக் கலவையோடு சேர்த்து, வெயில் ஏறும் முன்பே, இரண்டு மூன்று மணி நேரத்தில் குடித்து முடிக்கிற அளவுத் தண்ணீரில் மட்டும் கலந்து விடுங்கள். காலையில் டேங்க் முழுக்கக் கலந்துவிட்டு சாயங்காலம் வரை ஓடவிட்டால், குளோரினும் வெயிலும் பாதியைத் தின்றுவிடும்.

நான் அடிக்கடி பார்க்கிற ஒரு கூத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ரத்தக்கழிச்சல் (காக்சிடியா என்ற குடல் கிருமியால் வருவது) வந்ததும் ஆம்ப்ரோலியம் மருந்தை ஊற்றுகிறார்கள், சரி. கோழி சோர்ந்திருக்கிறதே என்று கூடவே பி காம்ப்ளெக்ஸும் ஊற்றுகிறார்கள். ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே பி1 வைட்டமின் போல வேடம் போட்டு, காக்சிடியா கிருமிக்குப் பி1 கிடைக்காமல் பண்ணித்தான். நீங்கள் பி1-ஐ அள்ளிக் கொடுத்தால் கிருமிக்கும் சேர்த்து விருந்து வைத்த மாதிரி. மருந்துக் கோர்ஸ் முடியட்டும், அதற்குப் பிறகு கொடுங்கள். ஏ, கே வைட்டமின்கள் அந்த நேரத்தில் பரவாயில்லை, குடல் தேறவும் ரத்தம் உறையவும் உதவும்.

இன்னொன்று, கழுத்து முறுக்கிக்கொண்டு கோழி விழுந்தால் உடனே ஈ-செலினியம் பாட்டிலைத் திறக்கிறார்கள். வைட்டமின் ஈ குறைந்தாலும் அப்படி ஆகும், வெள்ளைக்கழிச்சல் என்ற வைரஸ் நோயிலும் அப்படித்தான் ஆகும். இறந்த கோழியை அறுத்துப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். விரல் உள்பக்கமாகச் சுருண்டு, கணுக்காலில் உட்கார்ந்து நகர்கிற குஞ்சு என்றால் பெரும்பாலும் பி2 குறைபாடு, அதற்குச் சீக்கிரம் கொடுத்தால் பலன் தெரியும்.

சரி, மூலிகைக்கு வருவோம். மஞ்சள், பூண்டு, துளசி, கீழாநெல்லி, முருங்கை இலை எல்லாமே நம் கைக்கு எட்டுகிறவை, பயனும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை 2006-இல் நிறுத்தியது, இங்கே 2019-இல் உணவுக்கான கால்நடைகளுக்கு கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் தடையானது. அந்த இடத்தை நிரப்பத்தான் மூலிகைச் சரக்கு இவ்வளவு வருகிறது, அதில் தவறில்லை. ஆனால் அவை குடலுக்கும் ஈரலுக்கும் துணை, நோய்க்கு மருந்து அல்ல. மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்து அதன் நஞ்சான அஃப்ளாடாக்சின் ஏறியிருந்தால் ஈரல் வெளிறி, மஞ்சளடித்து, தொட்டாலே பிய்கிற மாதிரி இருக்கும். அந்தத் தீவனத்தை மாற்றாமல் கீழாநெல்லி டானிக்கை லிட்டர் லிட்டராக ஊற்றி என்ன பயன்? இலைப்பொடியை நீங்களே கலப்பதானால் நிழலில் உலர்த்தி, நூறு கிலோ தீவனத்துக்கு அரை கிலோவில் ஆரம்பித்து ஒரு கிலோவோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் நார்ச்சத்து ஏறி எடை குறையும், எஃப்சிஆர் (ஒரு கிலோ எடைக்குத் தின்னும் தீவன அளவு) கெடும். கடைப் பாட்டில் என்றால் லேபிளில் எந்த மூலிகை எத்தனை கிராம் என்று இருக்கிறதா பாருங்கள், வெறுமனே 'மூலிகைச் சாறு' என்று மட்டும் போட்டிருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது லைன். இந்த டானிக்குகளில் பல, சர்க்கரைப் பாகு மாதிரி கெட்டியானவை. ஷெட்டின் கடைசி நிப்பிளைக் கழற்றி, உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று சளி மாதிரி ஒட்டினால், கிருமிக்குத் தீனி போட்டு வளர்த்தது உங்கள் டானிக்தான். அந்த நிப்பிளில் சொட்டு குறையும், கோழி தண்ணீர் குறைத்தால் தீவனமும் குறைக்கும். டானிக் ஓட்டிய ஒவ்வொரு முறையும் சுத்தமான தண்ணீரை வேகமாக விட்டு லைனைக் கழுவுங்கள், பேட்ச் இடைவெளியில் லைன் கிளீனர் போட்டு ஊறவிடுங்கள்.

போனில் என்ன டானிக் கொடுக்கலாம் என்று கேட்கிறவர்கள், கூப்பிடும் முன் நாலு விஷயம் கையில் வைத்திருங்கள்: கோழிக்கு எத்தனை நாள் ஆகிறது, நேற்று எத்தனை மூட்டை தின்றது, எத்தனை லிட்டர் தண்ணீர் குடித்தது, இப்போது டேங்கில் என்ன கலந்திருக்கிறது.